எதிரொலிக்குள் போன குரல்

அத்தியாயம் பதினான்கு

பாட்டு உலகத்தில் ஒருவனுக்குக் 'காது' என்று பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள் என்றால், அவன் எப்பேர்ப்பட்ட ஆளாக இருக்க வேண்டும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். பத்துப் பேர் சேர்ந்து பாடும்போது ஒருத்தி மட்டும் ஒரு இழை சுருதி இறங்கினால் பிடித்துவிடுவான். பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜ் நின்றால் இங்கே இவன் தலை நிமிர்த்துவான். அப்பேர்ப்பட்ட காது, கட்டின மனைவியின் தொண்டையில் கட்டி வளர்ந்ததைக் கேட்கவில்லை. பொய் எதற்கு, கேட்டது. கேட்டுவிட்டு அதன்மேல் எதிரொலியைப் போட்டு மூடிவிட்டது. அந்தக் கூத்தைத்தான் சில வாரங்களாக நாம் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

பாதியில் வந்து உட்காருகிறவர்களுக்காக நாலு வரி. அக்கா, தங்கை இரண்டு பேர். சின்னவள் முன்னால் நின்று பாடுகிறவள். பெரியவள் பின்குரல் பாடுகிறவள். அதாவது, தங்கை பாடும் வரிக்குப் பின்னால் நாலைந்து அடுக்காக நின்று அதைத் தாங்கிப் பிடிக்கிறவள். பெரியவளின் புருஷன்தான் காது. எல்லாக் குரல்களையும் கலந்து பாட்டாக்குவது அவன் வேலை. வீட்டின் பின்னறைதான் ஸ்டூடியோ.

பெரியவளுக்குத் தொண்டையில் ஆபரேஷன் ஆகிவிட்டது. இப்போது வாயைத் திறக்கக் கூடாது. "பேச்சு வரும், பாட்டு வராது" என்று டாக்டர் சொன்னது காதுக்கும் சின்னவளுக்கும் மட்டுமே தெரியும். தெரிய வேண்டியவளிடம் இரண்டு பேரும் சொல்லவில்லை.

ஆபரேஷனுக்கு முன்னால் அவள் பாடிய கடைசிப் பாட்டு இன்றைக்கு அதை வெளியிடும் கம்பெனிக்குப் போக வேண்டும்.

* * *

காலையில் கம்பெனிக்காரர் போன் செய்தார். கோபப்படத் தெரியாத மனிதர். சிரித்துக்கொண்டே கழுத்தறுப்பார்.

"பாட்டு பிரமாதம் சார். தங்கச்சி பின்னிட்டாங்க. ஒரே ஒரு சின்ன விஷயம்."

சின்ன விஷயம் என்றதும் காது நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"பின்னாடி பாடறாங்கள்ல, அந்தக் குரல் ஏதோ காலி குடோனுக்குள்ள நின்னு பாடற மாதிரி இருக்கு. எங்களுக்கு அது கிட்ட வேணும். காது பக்கத்துல வந்து சொல்ற மாதிரி. அந்த எஃபெக்டை எல்லாம் எடுத்துட்டு அனுப்பிடுங்க. உங்களுக்கு இதெல்லாம் ஒரு வேலையா?"

"இந்தப் பாட்டுக்கு அப்படி இருந்தாத்தான் சார் நல்லா இருக்கும்."

"நல்லாத்தான் இருக்கு. ஆனா வேணாம். சாயங்காலம் ஆறு மணிக்குள்ள வந்தா போதும். முடியலன்னா சொல்லிடுங்க, நாங்க தப்பா நினைக்க மாட்டோம். இங்கயே ரெண்டு பொண்ணுங்க இருக்காங்க. அந்த வரிகளை மட்டும் அவங்கள வெச்சு மாத்திக்கறோம்."

"முடியும் சார்" என்று சொல்லிவிட்டான். எப்படி என்று கேட்டிருந்தால் அவனுக்கே தெரியாது.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், வாசல்படியில் பெரியவள் நிற்கிறாள். கையில் ஆஸ்பத்திரிப் பை. இன்றைக்குத் தையல் பார்க்கும் நாள். அவள் அம்மா துணைக்குப் போகிறாள். என்ன என்று புருவத்தை உயர்த்தினாள்.

"பாட்டு ஓகே ஆயிடுச்சு. சும்மா ஒரு திருத்தம்."

அவள் விரலால் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். என் குரல்?

"உன் குரல் இல்லாம அது பாட்டா? இருக்கும். கண்டிப்பா இருக்கும்."

அவள் நிலைப்படியில் விரல் முட்டியால் ஒரு முறை தட்டினாள். அந்த வீட்டில் இப்போது அதுதான் பாஷை. எழுதிக் காட்டுவது அவளுக்குப் பிடிக்காது. எழுதினால் நோயாளி மாதிரி இருக்கிறதாம். ஒரு தட்டு என்றால் ஆமாம். இரண்டு தட்டு என்றால் இல்லை.

அவள் நம்பிக்கையோடு தட்டிவிட்டுப் போனதுதான் அவனை மேலும் கொன்றது.

* * *

எஃபெக்டை எடுத்துவிடுவது பெரிய வேலையில்லை. குரலை வெறுமையாகப் பதிவு செய்வார்கள், அதற்கு ட்ரை என்று பெயர். எதிரொலி, கூட்டமாகப் பாடுவது போன்ற பிரமை எல்லாம் பிறகு மேலே பூசுவது. வேண்டாம் என்றால் துடைத்துவிடலாம். தொழில் தெரிந்த எவனும் அப்படித்தான் வைத்திருப்பான்.

அன்றைக்கு மட்டும் காது அப்படிச் செய்யவில்லை.

அன்றைக்கு அவள் குரல் கரகரத்தது. ஹெட்போனில் தன் வெறும் குரலைக் கேட்டவள், அதைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டாள். "இது நான் இல்லங்க. எனக்குக் கேக்கவே பிடிக்கல" என்று கண் கலங்கினாள். அவன் எதிரொலியை அள்ளி ஊற்றி, "இப்ப கேளு" என்றான். அவள் முகம் மலர்ந்தது. ஒரே மூச்சில் அத்தனை அடுக்கையும் பாடி முடித்தாள். "இப்படியே பதிஞ்சிடுங்க. அந்த வெறும் குரலை வெச்சுக்காதீங்க. வேற யாரும் கேக்க வேணாம்" என்றாள். அவனும் எதிரொலியைக் குரலோடு சேர்த்தே பதிந்தான். ட்ரையை அவள் கண் முன்னாலேயே அழித்தான்.

பாலில் சர்க்கரையைக் கரைத்தாகிவிட்டது. இப்போது சர்க்கரை வேண்டாம், பால் மட்டும் கொடு என்கிறார் கம்பெனிக்காரர்.

எதிரொலியை உறிஞ்சி எடுப்பதாகச் சொல்லும் எல்லா மென்பொருளையும் போட்டுப் பார்த்தான். ஒன்று அவள் குரலைத் தண்ணீருக்குள் அமுக்கியது. இன்னொன்று தகர டப்பாவாக்கியது. மூன்றாவதில் எதிரொலி போய்விட்டது, அவளும் போய்விட்டாள். நாற்காலியில் சாய்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டான். அவனுக்கு அழ வேண்டும் போலிருந்தது. அழுதான்.

"மாமா?"

சின்னவள். எப்போது வந்தாள் என்றே தெரியவில்லை. அப்பேர்ப்பட்ட காது!

விஷயத்தைக் கேட்டதும் அவள் முகத்தில் ஈயாடவில்லை. பிறகு சொன்னாள்.

"நான் பாடறேன்."

"நீதான பாடியிருக்க."

"அக்கா வரியை. அக்கா மாதிரியே. எங்க ரெண்டு பேருக்கும் ஒரே தொண்டை மாமா. போன்ல நீங்களே எத்தனை தடவை என்னை அக்கான்னு நினைச்சுக் கொஞ்சியிருக்கீங்க."

"விளையாடாத சின்னு."

"விளையாடலையே. அவங்க வேற யாரையோ வெச்சுப் பாடினா அக்காவுக்குத் தெரிஞ்சிடும். நான் பாடினா யாருக்குத் தெரியும்? அவ கடைசிப் பாட்டு மாமா. அதுல அவ இல்லன்னு தெரிஞ்சா அவ உயிரோடவே இருக்க மாட்டா."

"அதுல அவ இருக்க மாட்டாளே. நீதான இருப்ப."

"அது உங்களுக்கும் எனக்கும்தான தெரியும்?"

ஏற்கெனவே ஒரு ரகசியத்தைச் சுமந்து முதுகு வளைந்த இரண்டு பேர், அதன் மேலேயே இன்னொன்றையும் ஏற்றிக்கொள்கிறார்கள். எனக்குக் கோபமாகத்தான் வருகிறது. ஆனால் அந்த அறையில் அந்த நேரத்தில் நான் இருந்திருந்தால் வேறு என்ன வழி சொல்லியிருப்பேன் என்றும் தெரியவில்லை.

காது எழுந்து போய் மைக்கின் உயரத்தைச் சரி செய்தான்.

* * *

ஆஸ்பத்திரியில் அம்மா பேசிக்கொண்டிருந்தாள். மகள் பேசக் கூடாது என்று சொன்ன நாளிலிருந்து அவள் பங்கையும் சேர்த்து அம்மாவே பேசிவிடுகிறாள்.

"நல்லா தூங்கறா டாக்டர். சாப்பாடு இறங்குது. நேத்து கூட என்னை முறைச்சா, அந்த அளவுக்குத் தெம்பு வந்திருக்கு."

டாக்டரம்மா சிரித்தபடி விளக்கு வைத்த மெல்லிய குழாயைத் தொண்டைக்குள் விட்டுப் பார்த்தார். "நல்லா ஆறுதும்மா. இன்னும் கொஞ்ச நாள் சத்தமே கூடாது. கிசுகிசுன்னு பேசறதும் கூடாது, அது இன்னும் கெடுதல். மூச்சுப் பயிற்சி மட்டும் பண்ணுங்க. நல்லா இழுத்து விடலாம், அதுக்குத் தடையில்ல."

பெரியவள் மேஜை மேல் ஒரு தட்டு தட்டினாள். பிறகு தொண்டையைத் தொட்டு, அந்தக் கையைப் படிப்படியாக மேலே உயர்த்தினாள். ஸ்வரம் ஏறுவதுபோல. புருவம் கேள்வியாக நின்றது.

டாக்டரம்மாவுக்குப் புரிந்தது. பேனாவைக் கீழே வைத்தார்.

"அதை நான் அன்னைக்கே உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டேனேம்மா. பேச்சு வரும். பாட்டை எதிர்பார்க்காதீங்க." அவள் முகத்தைப் பார்த்தார். அம்மாவின் முகத்தையும் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது. "அவர் சொல்லலையா?"

அம்மாவுக்குப் பேச்சே வரவில்லை. வாழ்க்கையில் முதல் முறை.

பெரியவள் மேஜை மேல் தட்டினாள். இரண்டு முறை.

* * *

வீட்டுக்குள் நுழையும்போதே பின்னறையிலிருந்து குரல் கேட்டது.

*கதவச் சாத்தாதே, வந்துட்டே இருக்கேன்...*

"அடியே, உன் குரல்தான்டி ஓடுது!" என்றாள் அம்மா. வழியெல்லாம் எதைச் சொல்லித் தேற்றுவது என்று தெரியாமல் தவித்தவளுக்கு ஏதோ ஒரு பிடி கிடைத்தது.

பெரியவள் நின்ற இடத்திலேயே நின்றாள். வரிக்கு முன்னால் ஒரு மூச்சு கேட்டது. குட்டையாக, அவசரமாக எடுத்த மூச்சு. அது தங்கை எடுக்கும் மூச்சு. பள்ளிக்கூட நாட்களிலிருந்து "வயிறு வரைக்கும் இழுடி, அவசரப்படாத" என்று அவள் முதுகில் தட்டித் தட்டித் திருத்தப் பார்த்து, திருத்த முடியாமல் போன மூச்சு. குரலை எப்படி வேண்டுமானாலும் காப்பியடிக்கலாம். மூச்சை மாற்றிக்கொள்ளச் சின்னவளுக்குத் தெரியாது.

ஸ்டூடியோ கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. அது எரியும்போது வீடே பற்றி எரிந்தாலும் கதவைத் திறக்கக் கூடாது. அந்தச் சட்டத்தைப் போட்டவளே பெரியவள்தான். மாமனாருக்கு மாரடைப்பு வந்தபோதுகூட விளக்கு அணைகிற வரைக்கும் வெளியே நின்றவள் அவள்.

கதவைத் திறந்தாள்.

காது துள்ளி எழுந்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், துணி அலமாரி அளவே இருந்த பாடும் அறையில், சின்னவள் வாயைத் திறந்தபடி அப்படியே நின்றுவிட்டாள்.

"வந்துட்டியா? டாக்டர்... டாக்டர் என்ன சொன்னாங்க?"

"உங்களுக்குத் தெரிஞ்சதைத்தான் சொன்னாங்க மாப்பிள்ளை" என்றாள் அம்மா பின்னாலிருந்து.

கம்ப்யூட்டரின் விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

காது எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். கம்பெனிக்காரர் சொன்னது, ட்ரை இல்லாதது, டாக்டர் சொன்னது, எல்லாம் முன்னும் பின்னுமாகக் கலந்து வந்தது. "அன்னைக்கே உன் குரல் சரியில்லன்னு எனக்குத் தெரிஞ்சுது. டாக்டர்கிட்ட போலாம்னு சொல்லியிருக்கணும். அதை விட்டுட்டு நான் எதிரொலியைப் போட்டேன். என் புத்தி அப்படி. என்ன தப்பா கேட்டாலும் அது மேல எதையாவது போட்டு அழகாக்கிடுவேன். என்னை ரெண்டு அறை அறை. திட்டத்தான் முடியாது உன்னால."

அவள் அவனை அறையவில்லை. பாடும் அறைக்குள் போனாள்.

"அக்கா, நான் உன் இடத்துக்கு வரலக்கா" என்று சின்னவள் தேம்பினாள். "பஸ்ல பையைப் போட்டு இடம் பிடிப்பாங்கல்ல, அப்படித்தான் வந்து நின்னேன். சத்தியமா அவ்வளவுதான்."

பெரியவள் தங்கையின் தலையிலிருந்து ஹெட்போனைக் கழற்றினாள். கண்ணைத் துடைத்துவிட்டாள். தோளைப் பிடித்து வெளியே அனுப்பினாள். பிறகு ஹெட்போனைத் தான் மாட்டிக்கொண்டு, பாட்டை ஓட்டு என்று கையைச் சுழற்றினாள்.

"வேணாம்!" காது கத்தினான். "கிசுகிசுன்னு கூடப் பேசக் கூடாது. தொண்டை கிழிஞ்சிடும்."

"மூச்சு விடலாமாம்" என்றாள் அம்மா. அவளுக்கு எப்படிப் புரிந்ததோ. பெற்றவள், அவ்வளவுதான். "இழுத்து விடலாம், தடையில்லைன்னு டாக்டரே சொன்னாங்க."

பாட்டு ஓடியது. வரி வருவதற்கு முன்னால் பெரியவள் மைக்கின் பக்கத்தில் வந்து, வயிறு வரைக்கும், அவசரமில்லாமல் ஒரு மூச்சு இழுத்தாள். ஸ்பீக்கரில் அது அறை முழுக்க விரிந்தது. அவள் உதடு வரியைச் சத்தமில்லாமல் சொல்லிக்கொண்டு போனது. அதற்குப் பின்னால் ஆபரேஷனுக்கு முன் அவளே பாடிய பழைய குரல், எதிரொலியோடு.

காது பின்குரலில் மூச்சை விட்டுவைக்கவே மாட்டான். நாலைந்து அடுக்கிலும் மூச்சு கேட்டால் குப்பையாகிவிடும் என்று ஒவ்வொன்றாக வெட்டி எறிவது அவன் வழக்கம். இந்தப் பாட்டிலும் அவள் மூச்சு முழுவதையும் வெட்டித்தான் எறிந்திருந்தான். இப்போது அதே மூச்சு திரும்பி வந்து அந்தக் குரலுக்கு முன்னால் உட்கார்ந்ததும், குடோனுக்குள் நின்றிருந்தவள் நடந்து வந்துவிட்டாள். எதிரொலி அங்கேயே இருக்கிறது. அவள் மட்டும் பக்கத்தில் நிற்கிறாள்.

"மாமா" என்றாள் சின்னவள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "அக்கா கிட்ட வந்துட்டா."

காது மேஜைப் பக்கம் குனிந்தான். மூச்சின் ஒலியைக் கொஞ்சம் ஏற்றினான். பழைய குரலை ஒரு அடி பின்னுக்கு இழுத்தான். வரி வரியாக அவள் மூச்சு விட்டுக்கொண்டே போனாள். நெற்றியில் வியர்வை வழிந்தது. அவள் கண் மூடியிருந்தது. பாடும்போது எப்படி இருப்பாளோ அப்படியே இருந்தாள், சத்தத்தைத் தவிர.

கடைசி வரி வந்தது. *வந்துட்டே இருக்கேன்.*

காது சட்டென்று பாட்டை நிறுத்தினான்.

"என்ன மாமா?"

பதில் சொல்லாமல் அந்த இடத்தை மட்டும் தனியாகப் போட்டான். மூச்சு. அந்த மூச்சின் கடைசியில், நூல் போல ஒன்று. நடுங்கியது. உடைந்தது. ஆனால் சுருதியில் இருந்தது. அது பழைய குரலில்லை. இப்போது, இந்த அறையில், எதுவும் பூசாத தொண்டையிலிருந்து வந்தது.

"பாடிட்டா!" சின்னவள் கைகொட்டினாள். "அக்கா பாடிட்டா! டாக்டருக்கு என்ன தெரியும்?"

காதுக்குச் சந்தோஷம் வரவில்லை. அவன் ஓடிப்போய் அவள் முகத்தைத் தூக்கிப் பிடித்தான். "வலிக்குதா? எரியுதா? சொல்லு." அவள் கையை விலக்கிவிட்டாள். ஆனால் எச்சில் விழுங்கும்போது அவள் கண்ணோரம் சுருங்கியதை அவன் பார்த்துவிட்டான்.

திரும்பி வந்து உட்கார்ந்தான். ஆறு மணிக்கு அதிக நேரமில்லை. அந்த நூலை வெட்டிவிடலாம், ஒரு நொடி வேலை. வெட்ட மனம் வரவில்லை. சரி, கொஞ்சமாவது மூடலாம் என்று கை பழக்கத்தில் எதிரொலிப் பக்கம் போயிற்று.

பின்னாலிருந்து மேஜை மேல் இரண்டு தட்டு.

திரும்பிப் பார்த்தான். அன்றைக்கு "யாரும் கேக்க வேணாம்" என்று அழுதவள், இன்றைக்கு நிமிர்ந்து நின்றாள். அவன் கையை எடுத்துக்கொண்டான். அந்த இடத்தில் எதையும் போடவில்லை. அப்படியே அனுப்பினான்.

அம்மா எல்லோருக்கும் காப்பி கலந்தாள். பெரியவள் ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரை ஓரமாக வைத்துவிட்டாள். காது அதையும் கவனித்தான். டாக்டருக்குப் போன் செய்யலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. கம்பெனிக்காரர். ஸ்பீக்கரில் போட்டான்.

"சார்! இதைத்தான் சார் கேட்டேன்! அந்தக் குரல் அப்படியே தோள் மேல கை போடுது. ஆமா, கடைசி வரியில ஒரு இடத்துல உடையுதே, அது எஃபெக்டா?"

"இல்ல சார். அது எஃபெக்ட் இல்ல."

"நிஜமாவே பாடினதா? எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு சார். இங்க ஒரு அம்மா அழுதே போயிட்டாங்க. முடிவு பண்ணிட்டோம். வெளியீட்டு விழாவுல அந்தக் குரல் மேடைக்கு வரணும். முன்னாடி தங்கச்சி, பக்கத்துல அவங்க. நேரடியா, எந்த எஃபெக்டும் இல்லாம. பாடுவாங்கல்ல?"

சின்னவளின் முகத்திலிருந்த சிரிப்பு மறைந்தது. அம்மா காப்பித் தட்டைக் கீழே வைத்தாள்.

"சார், அவங்களுக்கு..." என்று காது ஆரம்பித்தான். இந்த முறை எதையும் மூடக் கூடாது, உள்ளதை உள்ளபடி சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்துவிட்டான்.

அதற்குள், போனில் கேட்ட கேள்விக்குப் பதிலாக, மேஜை மேல் தட்டும் சத்தம் கேட்டது. ஒரு முறை.

இரண்டாவது தட்டு வருமா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். வரவில்லை.